துப்பறியும் நாவலும் தோட்டத்துக் குற்றமும்

துப்பறியும் நாவல் என்றதும் முகஞ் சுளிப்பது நம்மவரிடையே நெடுநாளைய வழக்கம். 'நச்சிலக்கியம்' என்ற ஒரே சொல்லால் அதனைக் கட்டி மூலையில் எறிந்துவிட்டு, யதார்த்தவாதம் பற்றிய நமது விவாதங்களைத் தொடர்வோம். அவ்வாறு எறிந்தமைக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆரணி குப்புசாமி முதலியாரும், ஜே. ஆர். ரங்கராஜுவும், வடுவூர் துரைசாமி ஐயங்காரும் தமிழில் வளர்த்துவிட்ட இவ்வகை, பெரும்பாலும் ஆங்கிலக் கதைகளைத் தழுவி எழுந்தது. ஜமீன் மாளிகை, காணாமற்போன உயில், கள்ள வாரிசு, கடைசியில் உரியவர் கைக்கே திரும்பும் சொத்து இவையே அதன் உலகம். சொத்து எவ்வாறு சேர்ந்தது என்ற கேள்வியை அவ்வுலகில் எவரும் கேட்டதில்லை. பின்னர் வந்த தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் அருந்தியபடியே மர்மங்களை அவிழ்த்தார். அவருடைய கோப்பையிலிருந்த தேயிலை எந்த மலையில், எவர் கையால் கொய்யப்பட்டது என்பது அவர் துப்பறிய வேண்டிய விடயமாக அவருக்குத் தோன்றவேயில்லை.

ஆயினும் ஊவாவின் தோட்டப் பாடசாலைகளில் படித்து வந்த பிள்ளைகள், இராஜேஷ்குமாரையும் பட்டுக்கோட்டை பிரபாகரையும் லயத்து விளக்கொளியில் படித்தே வாசிப்புக்குப் பழகினார்கள் என்பதை ஆசிரியர்களாயிருக்கும் நம் நண்பர்கள் மறுக்கமாட்டார்கள். நாம் கையில் திணித்த நூல்களை அவர்கள் பரீட்சைக்காகப் படித்தார்கள். பழைய மாத நாவல்களையோ ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றி, அட்டை கிழியும்வரை படித்தார்கள். இந்த வாசகர்களை நாம் ஏளனம் செய்துவிட்டுப் போய்விடலாம். அல்லது, இந்த இலக்கிய வகை தன் இயல்பிலேயே பிற்போக்கானதுதானா, அன்றி அது யாருடைய வீட்டில் வளர்ந்தது என்பதால் அவ்வாறாயிற்றா என்று கேட்கலாம். இக்கேள்விக்கு விடைகாண, உடைமை இழந்த ஒரு மக்களின் நிலத்துக்கு இவ்வகையைக் கொண்டு சென்ற ஓர் எழுத்தாளரைப் பார்ப்பது பயன்தரும்.

டோனி ஹில்லர்மன் (1925–2008) அமெரிக்காவின் ஒக்லஹோமாவிற் பிறந்தவர், போர்வீரர், பத்திரிகையாளர், நியூ மெக்சிகோப் பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்தவர். 1970இல் வெளிவந்த 'தி பிளஸ்ஸிங் வே' முதற்கொண்டு அவர் எழுதிய பதினெட்டுத் துப்பறியும் நாவல்களின் களம், அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களிற் பரந்து கிடக்கும் நவஹோ மக்களின் ஒதுக்கு நிலமாகும். அந்நிலம் நமது தீவைக் காட்டிலும் சற்றுப் பெரியது. 1864இல் அமெரிக்கப் படை அம்மக்களைத் துப்பாக்கி முனையில் நூற்றுக்கணக்கான கல் தொலைவு நடத்திச் சென்று ஒரு முகாமில் அடைத்தது. நடையிலும் முகாமிலும் மாண்டவர் போக எஞ்சியோர், 1868ஆம் ஆண்டு உடன்படிக்கையின்பின் தம் பழைய மண்ணின் ஒரு பகுதிக்குத் திரும்பினர். இத்தகைய மக்களின் நடுவிலே கொலையும் துப்பும் நிகழ்வதாக எழுதினார் ஹில்லர்மன். அவர் கதைகளில் துப்பறிபவர்கள் நவஹோ பொலிஸ்காரர்களே: அனுபவம் முதிர்ந்த ஜோ லீப்ஹோர்ன், வைத்தியச் சடங்குகளின் பாடகனாகவும் விரும்பும் இளைஞன் ஜிம் ச்சீ. கலப்பினத் துப்பறிவாளன் ஒருவனை அவுஸ்திரேலியப் பாலைநிலத்தில் உலவவிட்ட ஆர்தர் அப்ஃபீல்டிடமிருந்து தாம் தூண்டுதல் பெற்றதை ஹில்லர்மன் மறைத்ததில்லை.

இந்நாவல்களின் நயம் எங்கேயுள்ளது? லீப்ஹோர்ன் ஒரு குடிசைக்குச் சென்றால் கதவைத் தட்டுவதில்லை. உள்ளிருப்பவர் வெளியே வந்து அழைக்கும்வரை வண்டியிலேயே காத்திருக்கிறான். எதிரே இருப்பவர் பேசி முடித்தாரா என்பது உறுதிப்படும்வரை வாய் திறப்பதில்லை. வெள்ளையரான மத்திய பொலிஸ் அதிகாரி ஐந்து நிமிடத்தில் ஐம்பது கேள்வி கேட்டு ஒன்றுமறியாது திரும்பும் இடத்தில், நவஹோக்காரன் ஆட்டுமந்தையைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசி உண்மையை அறிந்துவிடுகிறான். துப்பறிதல் என்பது இங்கே மூளையின் வித்தையாக மட்டும் இல்லை. அது மரியாதையின் பயனாகவும் இருக்கிறது. மணலிற் பதிந்த தடம், காய்ந்த ஓடையின் போக்கு, முதல்நாள் பெய்த மழை ஆகியவை வெறும் வருணனையாக நின்றுவிடாமல் சாட்சியங்களாகின்றன. நிலத்தை இவ்வளவு கவனமாக வாசிக்கச் செய்யும் நாவல்கள் 'தரமான' இலக்கியத்திலும் அதிகமில்லை.

மற்றொன்றும் உண்டு. 'தி பிளஸ்ஸிங் வே' நாவலில், ஓரிடத்தை மக்கள் நெருங்காதிருக்கும் பொருட்டு, ஓநாயுருக் கொள்ளும் சூனியக்காரன் பற்றிய அச்சம் திட்டமிட்டுப் பயன்படுத்தப்படுகிறது. பேய் பேயன்று, பேயின் பின்னே பணம் இருக்கிறது. பழங்குடியின் நம்பிக்கையை எள்ளாமலும், அதனை அப்படியே வழிபடாமலும், அதன் பின்னே நின்று ஆதாயம் பெறுபவனைத் தேடும் இப்பார்வை நமக்கு உவப்பானதே.

சட்டம் பற்றிய அவரது கூர்மையான உணர்வையும் குறிப்பிட வேண்டும். 1885ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, ஒதுக்கு நிலத்தில் நிகழும் கொலை முதலான பெருங்குற்றங்கள் மத்திய அரசின் அதிகாரத்துக்குட்பட்டவை. 1978இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி, பழங்குடியினரல்லாத ஒருவன் அங்கே குற்றமிழைத்தால் பழங்குடி நீதிமன்றம் அவனைப் பொதுவாகக் குற்றவாளியாக விசாரிக்க இயலாது. ஆகவே லீப்ஹோர்ன் உண்மையைக் கண்டுபிடிக்கலாம். கைது செய்யும் உரிமை பெரும்பாலும் வேறொருவனுக்குரியது. அறிபவன் ஒருவன், ஆள்பவன் மற்றொருவன் என்ற இந்த முரண்பாடே ஹில்லர்மனின் நாவல்களுக்கு உயிர்நாடி.

இனி அவரது எல்லையைப் பார்ப்போம். 1980இல் வெளியான 'பீப்பிள் ஒஃப் டார்க்னெஸ்' என்ற நாவலே இதற்கு உகந்த சான்று. மர்ம நாவலின் முடிவை உடைத்துச் சொல்வது அவ்வகைக்குச் செய்யும் துரோகம் என்பார்கள். விமர்சனத்துக்கு வேறு வழியில்லை. 1948இல் ஓர் எண்ணெய்க் கிணற்றில் வெடிவிபத்து நிகழ்கிறது. முன்னெச்சரிக்கையால் தப்பிய நவஹோத் தொழிலாளர் சிலர் பின்னாளில் ஒருவர்பின் ஒருவராகப் புற்றுநோயால் மடிகின்றனர். ஜிம் ச்சீ காண்பது யாதெனில், அவர்கள் வைத்திருந்த தாயத்துகள் கதிர்வீசும் யுரேனியக் கல்லிற் செதுக்கப்பட்டவை. நிலத்தடியிலிருந்த யுரேனியத்தைத் தனதாக்கிக்கொண்ட ஒருவன், தன் இரகசியம் வெளிவராதிருக்க அவற்றைப் பரிசாக வழங்கினான். கொலைக்கருவியாக யுரேனியம்! கற்பனையில் எவ்வளவு துணிவு! ஆனால் அந்தத் துணிவே நாவலைக் காட்டிக்கொடுத்தும் விடுகிறது.

ஏனெனில் நவஹோ நிலத்தில் யுரேனியத்தால் மக்கள் மடிந்தது கற்பனையன்று. 1944 முதல் 1986 வரை அந்நிலத்திலிருந்து ஏறத்தாழ 3 கோடி தொன் யுரேனியத் தாது தோண்டப்பட்டது. அமெரிக்க அரசின் அணுகுண்டுத் தேவைக்காகத் தனியார் கம்பனிகள் தோண்டின. காற்றோட்டமில்லாத சுரங்கத்தில் நவஹோத் தொழிலாளர் இறங்கினர். அத்தூளின் ஆபத்து அவர்களுக்கு அறிவிக்கப்படவில்லை. தூள் படிந்த உடையுடன் வீடு சென்று குழந்தைகளைத் தூக்கினர். கழிவுக் கல்லைக் கொண்டு வீடு கட்டியோரும் உண்டு. நுரையீரற் புற்றுநோய் வந்தது. 1979 ஜூலை 16இல் சேர்ச் ரொக் என்னுமிடத்தில் அணைக்கட்டு உடைந்து, ஆயிரம் தொன்னுக்கு மேற்பட்ட கதிர்வீச்சுக் கழிவும் கோடிக்கணக்கான கலன் நச்சு நீரும் ஆற்றிற் கலந்தன. அதே ஆண்டு மார்ச்சில் நிகழ்ந்த திரீ மைல் ஐலண்ட் விபத்தை உலகமெல்லாம் அறியும். சேர்ச் ரொக்கை அறிந்தவர் சிலரே. 1990இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டமியற்றி மன்னிப்புக் கோரியது. சுரங்கத் தொழிலாளிக்கு 1,00,000 டொலர் வழங்க ஏற்பாடாயிற்று. கைவிடப்பட்டுத் திறந்து கிடந்த சுரங்கங்கள் 500க்கு மேல்.

நாவலில் ஒரு கொடியவன், ஒரு இரகசியம், சில தாயத்துகள். நடப்பிலோ இரகசியமே இல்லை. அரசு அறிந்தது, கம்பனி அறிந்தது, வைத்தியர் அறிந்தனர். கொடியவன் ஒருவனுமில்லை, ஒப்பந்தங்கள் இருந்தன, கட்டளைகள் இருந்தன, சம்பளப் பட்டியல் இருந்தது. துப்பறியும் நாவலின் இலக்கணம் கடைசி அத்தியாயத்தில் ஒரு மனிதனைச் சுட்டிக்காட்டும்படி எழுத்தாளனை நெருக்குகிறது. ஹில்லர்மன் போன்ற நல்லெண்ணம் கொண்டவரும் அந்நெருக்குதலுக்குப் பணிந்து, ஒரு வர்க்கம் செய்ததை ஒரு வஞ்சகன்மேற் சுமத்திவிட்டார். வாசகன் நிம்மதியாகப் புத்தகத்தை மூடுகிறான். நச்சு இருக்கிறதென்றால் இந்த நிம்மதியிலேதான் இருக்கிறது. கொலையிலும் இரத்தத்திலும் அன்று.

நவஹோ மக்கள் இவரை வெறுக்கவில்லை. 1987இல் அவர்களது அரசே அவருக்குச் 'சிறப்பு நண்பர்' என்ற மதிப்பளித்தது. நண்பர் என்ற சொல் பொருத்தமானது. நண்பர் வீட்டுக்கு வருவார்; வீட்டின் கடன் பத்திரங்களை அவர் பார்ப்பதில்லை.

ஊவாவுக்குத் திரும்புவோம். லீப்ஹோர்ன் போன்ற ஒரு பாத்திரத்தைப் பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றிற் படைக்க இயலுமா? துரைமார் காலத்துத் தோட்டத்தில் அது இயலாது. தொழிலாளியின் மொழி பேசி, லயத்து வாசலில் காத்து நின்று, மரியாதையோடு கேள்வி கேட்ட பொலிஸ்காரன் அங்கே இல்லை. பொலிஸ் துரை அழைத்தபோது வந்தது. துரையின் பங்களாவில் தேநீர் அருந்தியது. அன்றாட விசாரணை பிரட்டுக்களத்திலும் ஒபீசு வாசலிலும் நடந்தது; விசாரணையாளரும் நீதிபதியும் ஒருவரே. துப்புக் கொடுப்பது கங்காணியின் தொழில்.

அதனினும் நுட்பமான ஒரு துப்பறிவாளன் மலைநாட்டில் இருந்தான்: அவன் பெயர் துண்டு. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவதைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. கடன் தீர்ந்தது என்று பழைய தோட்டத்துத் துரை எழுதிக்கொடுக்கும் துண்டு இல்லாதவனை அடுத்த தோட்டம் ஏற்காது. பசறையில் மறைந்தவனை லுணுகலையிற் பிடிக்க ஷெர்லொக் ஹோம்ஸ் தேவைப்படவில்லை. ஒரு காகிதம் போதுமாயிருந்தது. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்படும்வரை, பசியினால் இடம் மாறியவன் குற்றவாளி. பசியை உண்டாக்கியவன் வாதி. தமிழ் மர்ம நாவலின் தொடக்க ஆண்டுகளும் இவைதாம் என்பதை எண்ணிப் பாருங்கள். ரங்கராஜுவின் புகழ்பெற்ற துப்பறிவாளருக்குக் கோவிந்தன் என்று பெயர். நமது மலைநாட்டுச் சரித்திரத்திலும் ஒரு கோவிந்தன் உண்டு. 1940 ஜனவரி 10இல் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டுக் கொன்ற தொழிலாளி அவர். முதற் கோவிந்தனைத் தமிழ் வாசகர் எத்தனையோ பதிப்புகளில் அறிந்தனர்.

முல்லோயாவில் சுட்டவர் எவரும் தூக்குமேடை ஏறவில்லை. அடுத்த ஆண்டு, 1941 மேயில், ஸ்டெலன்பேர்க் தோட்டத்துத் துரை போப் கொலையுண்டார். வழக்கு நடந்தது, வீராசாமி, வேலாயுதம் என்ற இரு தொழிலாளர் 1942இல் தூக்கிலிடப்பட்டனர். இரண்டும் மனித உயிர்கள்தாம். ஒன்று சட்டத்தின் கண்ணுக்கு 'அமைதியை நிலைநாட்டல்'; மற்றது 'கொலை'. இவ்விரு தோட்டங்களும் கண்டிப் பகுதியைச் சேர்ந்தவை. ஊவாவிலோ 1940 மேயில், பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தெரிந்தெடுத்து, அதனைக் கலந்தே நிர்வாகம் நடத்த வேண்டுமெனத் துரையை இணங்கவைத்தனர்; ஆயுதத்தோடு வந்த பொலிஸாரிடமிருந்து ஆயுதங்களைப் பறித்தனர். இதனை எந்தத் துப்பறியும் நாவலின் சட்டகத்திலும் அடைக்க முடியாது. குற்றம், சட்டம் என்ற இரு சொற்களும் அங்கே இடம் மாறிவிட்டன.

வெளியாள் ஒருவர் நமது நாட்டுக் குற்றத்தை எழுதியதற்கும் உதாரணமுண்டு. லியோனாட் வுல்ஃப் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்தவர். 1913இல் 'தி வில்லேஜ் இன் த ஜங்கிள்' நாவலை வெளியிட்டார். ஊவாவின் தென்னெல்லைக் காடுகளை அடுத்த உலர்நிலம் அதன் களம். சிலிந்து என்ற சிங்கள வேட்டைக்காரன் ஊர்த் தலைவனையும் கடன்கொடுப்பவனையும் சுட்டுக் கொல்கிறான். கொன்றவன் யார் என்பதில் மர்மமே கிடையாது. அதற்குமுன் அவன் மருமகன் பபூன் செய்யாத திருட்டுக்காகச் சிறை செல்லும் வழக்கு விசாரணைதான் நாவலின் உச்சம். தனக்குப் புரியாத மொழியில் தன் வாழ்வு தீர்க்கப்படுவதை அவன் திகைத்துப் பார்த்து நிற்கிறான். ஹில்லர்மனைவிட வுல்ஃப் ஒரு படி முன்னே செல்கிறார். ஏனெனில் அவர் தாமே அமர்ந்த நீதிபதி ஆசனத்தைச் சந்தேகித்தார்.

நம்மவரில் இத்துறையை அறியாமலே தொட்டவர் தெளிவத்தை ஜோசப். 1934இல் ஹாலி-எலைக்கு அண்மையிலுள்ள ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்து, 2022இல் மறைந்த அவரை 'காலங்கள் சாவதில்லை' நாவலால் அறிவோர் பலர். அவரது 'மீன்கள்' என்ற சிறுகதையை நான் மலைநாட்டின் மிகச் சிறந்த குற்றக் கதை என்பேன். இப்படிக் கூறுவது சிலருக்கு ஒவ்வாதிருக்கலாம். வளர்ந்த மகளும் பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே அறையில், ஒரே இருளில் உறங்க வேண்டிய லயம். அந்த இருளில் நேரக்கூடாத ஒன்று நேரப் பார்க்கிறது. தந்தையின் அவமானத்தை நாம் காண்கிறோம். அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கை எழவில்லை. குற்றம் புரிந்தது அந்த அறை. அறையைக் கட்டியவர் எவர், இன்னோர் அறை கேட்டவனுக்கு மறுப்பவர் எவர் என்று வாசகனே துப்பறியத் தொடங்குகிறான். கடைசிப் பக்கத்தில் ஒருவனைச் சுட்டிக்காட்டும் இலக்கணத்தை ஜோசப் ஒரு பக்கமும் பின்பற்றவில்லை. அதனாலேயே அவர் கதை மூடிய பின்னும் மூடுவதில்லை.

தோட்டத்து நாவலாசிரியன் ஒருவன் இவ்வகையைக் கையாள முனைந்தால் அவன் தவிர்க்க வேண்டிய கண்ணியொன்றையும் சொல்லிவைக்கலாம். தொழிற்சாலைச் சக்கரத்துக்குக் காவல் நிற்கும் ரோதைமுனி, காமன் கூத்து, கோடாங்கியின் உடுக்கு ஆகியவை வெளியூர் வாசகனுக்கு மர்மச் சுவையூட்டும் பண்டங்களாக விலைபோகும். ஹில்லர்மனுக்குப்பின் அவர் வழியில் வந்த பலர் நவஹோச் சடங்குகளை இவ்வாறே விற்றனர். 2022இல் ரமோனா எமெர்சன் என்ற நவஹோப் பெண் 'ஷட்டர்' என்ற குற்ற நாவலை வெளியிட்டபோதுதான், பொலிஸுக்காகப் பிணங்களைப் படம்பிடிக்கும் ஒரு நவஹோப் பெண்ணின் கண் வழியே அந்நிலம் தெரிந்தது. ஒஜிப்வே இனத்து லூயிஸ் எர்ட்ரிச் 2012இல் எழுதிய 'த ரவுண்ட் ஹவுஸ்' இன்னும் ஆழமானது. ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமை எந்த நிலத்தில் நிகழ்ந்தது, எந்தச் சட்டம் செல்லும் என்பது தெளியாததால் குற்றவாளி வெளியே நடமாடுகிறான். அங்கே அவன் பெயர் வாசகனுக்குத் தெரிந்துவிடுகிறது, தெரிந்தும் பயனில்லை.

தெரிந்தும் பயனில்லாமை நமக்குப் புதிதல்ல. 2000 ஒக்டோபர் 25இல், பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள பிந்துனுவெவப் புனர்வாழ்வு முகாமில் அடைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர் இருபத்தைந்துக்கு மேற்பட்டோரைப் பட்டப்பகலில் ஒரு பெருங்கூட்டம் அடித்தும் எரித்தும் கொன்றது. பொலிஸார் அருகிலேயே நின்றனர். 2003இல் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005க்குள் மேன்முறையீட்டில் அனைவரும் விடுதலையாயினர். துப்பறியும் நாவலில் சாட்சி கிடைப்பதில்லை என்பதே தொல்லை. இங்கே சாட்சிகள் ஊரளவு இருந்தனர்.

கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தவில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்டதால் உயிர்தப்பிய பிள்ளைகள், பெற்றோரும் வீடும் இருந்த இடத்தில் சேற்றைக் கண்டனர். மீட்கப்பட்ட உடல்களிலும் மீட்கப்படாதவை அதிகம். அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் விடுக்கப்பட்டிருந்தது. எஞ்சிய குடும்பங்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நெடுநாள் தங்கவைக்கப்பட்டன. வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல். இயற்கையின் சீற்றம் என்றன பத்திரிகைகள். இயற்கையைக் கைது செய்ய இயலாது என்பது எல்லோருக்கும் வசதியாயிருந்தது.

லீப்ஹோர்னின் சுவரில் ஒரு நிலப்படம் உண்டு. நிகழ்ந்த ஒவ்வொன்றுக்கும் அதில் ஓர் ஊசி குத்துவான். ஊசிகள் சேரச் சேர, தனித்தனியாய்த் தோன்றியவை ஒரு கோலமாகும்வரை பார்த்துக்கொண்டேயிருப்பான். ஊவாவின் படத்தில் மீரியபெத்தவுக்கு ஓர் ஊசி. 2023 மார்ச்சில் சரிந்த பூனாகலைக் கபரகலைக்கு மற்றோர் ஊசி. 1840ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டத்தின்பின், ஏக்கர் ஐந்து ஷில்லிங் விலையில் துரைமாருக்குப் போன, சிங்களக் குடியானவனின் சேனைக்காடுகளுக்குச் சில ஊசிகள். எச்சரிக்கைக் கடிதம் எத்தனையாம் தேதி எந்த மேசைக்கு வந்தது, அதனைப் படித்தவர் மறுமொழி எழுதினாரா, அந்தச் சரிவிலேயே லயத்தை நிறுத்துவதெனத் தீர்மானித்தது எந்த ஆண்டு எவர், ஏழு பேர்ச் காணியை வேறிடத்தில் அளந்து கொடுக்க எவர் கையொப்பம் வேண்டியிருந்தது, அது ஏன் விழவில்லை. இவற்றுக்குரிய காகிதங்கள் தோட்ட ஒபீசிலும் கச்சேரியிலும் கொழும்பு அலுவலகங்களிலும் கோப்புகளில் இருக்கின்றன. மீரியபெத்தவிலிருந்து பாடசாலை சென்ற பிள்ளைகளில் சிலருக்கு இப்போது இருபது வயதுக்கு மேலாகிறது.